மானநஷ்டம் யாருக்கு?

"பாட்டுக்காரனுக்கு அரசியல் என்னத்திற்கு? பாடினோம், காசு வாங்கினோம், வீட்டுக்குப் போனோம் என்று இருக்க வேண்டியதுதானே?" என்று கேட்கிற கனவான்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். இந்தக் கனவான்களின் நியாயம் வெகு விசித்திரமானது. பாட்டுக்காரன் ராஜாவைப் புகழ்ந்து பாடினால் அது அரசியல் அல்ல, ராஜபக்தி. பட்டாளம் சண்டைக்குப் புறப்படும்போது கூட நின்று வாத்தியம் வாசித்தால் அதுவும் அரசியல் அல்ல, தேசபக்தி. கோயிலில் உட்கார்ந்து, பிறந்ததே பாவம், செத்தால்தான் மோக்ஷம் என்று பாடினால் அதுவும் அரசியல் அல்ல, தெய்வபக்தி. ஆனால் அதே பாட்டுக்காரன், போலீசுக் கொட்டடிக்குள்ளே ராத்திரியில் என்ன நடக்கிறது என்று ஒரே ஓர் அடி பாடிவிட்டானேயானால், உடனே கலை கெட்டுப்போயிற்று, தாளம் தப்பிப்போயிற்று, ஆசாமிக்குப் பித்துப் பிடித்துவிட்டது! ஆகவே இந்தக் கனவான்கள் வெறுப்பது அரசியலை அல்ல. எந்தப் பக்கத்து அரசியல் என்பதுதான் அவர்களுக்குக் கவலை.

இந்தக் கூச்சலை 40 வருஷங்களுக்கு மேலாகக் கேட்டும், கேளாதவர் போலப் பாடிக்கொண்டே வந்திருக்கிற ஒருவரின் சங்கதியை நமது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அவர் பெயர் ஃபெர்மின் முகுருசா. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவில், பிரனீஸ் மலையின் மேற்குக் கோடியில், கடலோரமாக பாஸ்க் ஜனங்களின் நாடு இருக்கிறது. நாடு என்றால் தனி சர்க்கார் உள்ள நாடல்ல. பெரும்பகுதி ஸ்பெயினிலும் மீதி பிரான்சிலுமாகப் பிளந்து கிடக்கிற நாடு. அவர்கள் பாஷைக்கு எவுஸ்கரா என்று பெயர். அது சுற்றுப்பட்டில் பேசுகிற எந்தப் பாஷைக்கும் உறவில்லாதது. லத்தீனிலிருந்து பிறந்ததல்ல, லத்தீன் அங்கே வருவதற்கு முந்தியே இருந்து வருவது. இந்த நாட்டில், பிரெஞ்சு எல்லையில், பிடாசோவா ஆற்றங்கரையிலுள்ள இருன் என்னும் ஊரில் 1963-ல் பிறந்தவர் முகுருசா. தொழில் ராக் சங்கீதம். அதாவது மின்சாரக் கித்தாரும் முரசும் ஒலிபெருக்கியுமாக, வாலிபர்கள் கூட்டம் கூடி நின்று ஆடிக்கொண்டே கேட்கிற சங்கீதம். வித்துவான்கள் அதை வெறும் இரைச்சல் என்பார்கள். இரைச்சல்தான். எதற்காக இரைந்தார் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

அவர் பிறந்தபோது ஸ்பெயினுக்கு ஆண்டவன் பிராங்கோ. ஆண்டவன் என்ற சொல்லை நாம் இரண்டு அர்த்தத்திலும் சொல்லுகிறோம். 1936-ல் குடியரசு சர்க்காருக்கு விரோதமாகப் பட்டாளத்தைக் கிளப்பி, மூன்று வருஷம் நாட்டை ரத்தக்காடாக்கி, 1939 முதல் 1975-ல் சாகிற வரையில் சர்வாதிகாரியாக இருந்தவன் அவன். அவன் அடித்த நாணயத்தில், கடவுள் அருளால் ஸ்பெயினுக்குத் தலைவன் என்று முத்திரை! பாதிரிமார்கள் அவன் சண்டையைச் சிலுவைப் போர் என்றார்கள். 1937-ல் ஸ்பெயின் பிஷப்புமார்களில் மிகப் பெரும்பாலோர் கூடி, அவன் பக்கமே நியாயம் என்று உலகத்துக்கு ஒரு கடிதம் வெளியிட்டார்கள். 1939-ல் அவன் ஜெயித்தவுடன் ரோமாபுரியிலிருந்து போப்பின் வாழ்த்துத் தந்தி வந்தது. அவன் கோயிலுக்குள் நுழைந்தால், நற்கருணை ஊர்வலத்தில் பிடிக்கிற பட்டு விதானத்தை அவன் தலைக்கு மேல் பிடித்தார்கள்.

அந்த அருள் எப்படிப்பட்ட அருள் என்பதை கெர்னிகா ஊராரைக் கேட்க வேண்டும். 1937 ஏப்ரல் 26-ந் தேதி, திங்கட்கிழமை, சந்தை நாள். பிராங்கோவுக்கு ஒத்தாசையாக வந்த ஹிட்லரின் ஆகாய விமானங்கள் அந்தப் பாஸ்க் ஊரின் மேல் மணிக்கணக்காகக் குண்டு போட்டு அதைச் சாம்பலாக்கின. பிராங்கோவின் ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஊரைக் கொளுத்தினது ஊராரேதான் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு பாஷையின் மேல் பாய்ந்தார்கள். எவுஸ்கரா பள்ளிக்கூடத்தில் கூடாது. சர்க்கார் ஆபீசில் கூடாது. பிறந்த குழந்தைக்குப் பாஸ்க் பெயர் வைத்துப் பதிவு செய்யக் கூடாது. கல்லறைக் கல்லில் பொறித்திருந்த பாஸ்க் எழுத்தைக்கூட நீக்கச் சொன்ன ஊர் உண்டு. செத்தவன் எந்தப் பாஷையில் செத்துக் கிடக்கிறான் என்பதில் அந்தச் சர்க்காருக்கு அவ்வளவு பயம்!

நிற்க. எதிரி இப்படிப்பட்டவன் என்பதனாலேயே அவனை எதிர்த்தவர்கள் எல்லோரும் பகுத்தறிவுக்காரர்கள் என்று தோழர்கள் எண்ணிவிடக் கூடாது. பாஸ்க் தேசியத்தை ஒரு கட்சியாக்கினவர் சபினோ அரானா என்பவர், வருஷம் 1895. அந்தக் கட்சியின் மூலமந்திரம் "கடவுளும் பழைய சட்டமும்" என்பது. கட்சிக்கு முன்னால் அவர் ஆரம்பித்த சங்கத்தில் முழு அங்கத்தினன் ஆக வேண்டுமானால், நாலு பாட்டன் பாட்டிமாரின் குடும்பப் பெயரும் பாஸ்க் பெயராய் இருக்க வேண்டும். சுரங்கத்துக்கும் இரும்பு உலைக்கும் கூலி வேலை தேடி வந்த ஏழை ஸ்பானியத் தொழிலாளிகளை அவர் எழுதாத இழிவு இல்லை. அவர்கள் எவுஸ்கரா கற்றுக்கொள்வதைக்கூட அவர் விரும்பவில்லை. அவர்களும் கற்றுக்கொண்டுவிட்டால் பிறகு நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்பது அவர் வாதம். பாஷையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே பிறத்தியான் அதைப் படிக்கக் கூடாது என்கிற வாதம் நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆகையால் விரிக்காமல் விடுகிறோம்.

இப்போது முகுருசாவைப் பாருங்கள். பெயரைப் பார்த்தால் பச்சைப் பாஸ்க் பெயர். ஆனால் வாயில் பாஷை இல்லை! ரத்தத்தோடு வரும், தாய்ப்பாலோடு வரும் என்கிறார்களே, அது இவருக்கு வரவில்லை. பிராங்கோவின் பள்ளிக்கூடமும் பயமும் எத்தனையோ வீடுகளில் அதை நாக்கிலிருந்து துடைத்துவிட்டிருந்தன. அப்படித் துடைத்துவிட்ட பாஷையை மீட்பதற்காக 1960-களிலிருந்து ஊர் ஊராக ராப்பள்ளிக்கூடங்கள் தோன்றின. தொழிலாளியும் கடைக்காரனும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, சொந்தப் பாட்டியின் பாஷையை அன்னிய பாஷையைப் போல எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். முகுருசாவும் வாலிபப் பிராயத்தில் கற்றுக்கொண்டவர்தான். ஸ்பானியத் தொழிலாளியின் மகனும் அதே பெஞ்சியில் உட்கார்ந்து அதே பாடத்தைக் கற்றான். நாலு பாட்டன் பாட்டி கணக்கு அந்த இடத்திலே குப்பைக்குப் போயிற்று. பாஷை பிறப்பிலே இல்லை, உழைப்பிலே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

1984-ல் அவரும் அவர் தம்பி இனிகோவும் இன்னொரு தோழரும் மூன்று பேராகச் சேர்ந்து கொர்டாட்டு என்னும் குழுவை ஆரம்பித்தார்கள். முதலில் பெரும்பாலும் ஸ்பானிய பாஷையிலேயே பாடினார்கள். 1988-ல் வந்த "கோல்பெஸ் கோல்பே" என்னும் இசைத்தட்டு முழுவதும் எவுஸ்கராவில் இருந்தது. வியாபாரப் புத்தி உள்ளவன் இதற்கு நேர் தலைகீழாக அல்லவா செய்வான்? ஸ்பானிய பாஷையைக் கேட்பதற்கு உலகத்தில் கோடிக்கணக்கான பேர் இருக்கிறார்கள். எவுஸ்கரா நன்றாகத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் பத்து லட்சத்துக்குள்தான். பேர் வந்து, பணம் வருகிற சமயத்தில், பெரிய சந்தையை விட்டுச் சிறிய சந்தைக்குப் போனார். தியாகம் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த வார்த்தையை அரசியல்வாதிகள் கெடுத்துவிட்டார்கள். மானமுள்ளவன் செய்கிற காரியம் என்றால் போதும்.

அந்தக் காலம் எப்படிப்பட்ட காலம் என்பதையும் சொல்ல வேண்டும். 1980-களில் பாஸ்க் நாட்டின் கப்பல் கட்டும் துறைகளும் இரும்பாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலையில்லாத வாலிபர்கள் தெருவில் நின்றார்கள். நின்றவர்கள் கையில் வேலை வந்து சேரவில்லை, ஹெராயின் என்னும் விஷ மருந்து வந்து சேர்ந்தது. ஊசி போட்டுக்கொண்டு செத்தவர்களும், அந்த ஊசியினாலேயே எய்ட்ஸ் நோய் வந்து செத்தவர்களும் ஏராளம். முகுருசாவோடு அதே மேடைகளில் பாடின குழுக்களிலேயே ஆட்கள் போனார்கள். எல்லையெங்கும் போலீசு, தெருவெங்கும் போலீசு, வண்டிக்கு வண்டி சோதனை. அப்படியிருக்க இந்தச் சரக்கு மட்டும் எந்த வழியாக வருகிறது என்று ஜனங்கள் கேட்டார்களா இல்லையா? கேட்டார்கள். ஜனங்கள் மட்டுமல்ல. டொனொஸ்தியாவில் இருந்த சர்க்கார் தலைமை வக்கீலே 1989-ல் ஓர் அறிக்கை எழுதினார். அந்த ஊர் இன்ச்சவுர்ரொண்டோ கொட்டடியிலுள்ள சிவில் கார்டு என்னும் ராணுவப் போலீசாரில் சிலருக்குக் கள்ளக்கடத்தலிலும் போதை மருந்து வியாபாரத்திலும் சம்பந்தம் இருப்பதாக அதில் சந்தேகம் தெரிவித்திருந்தார். அதில் சொன்னதெல்லாம் கோர்ட்டில் ருஜுவாயிற்று என்று நாம் சொல்லவில்லை. அறிக்கை பெரும்பாலும் அப்படியே மடிந்து போயிற்று. வேலி பயிரை மேய்ந்ததா என்று விசாரிக்கிற வேலையையும் வேலியிடமே விட்டால் பிறகு என்ன ஆகும்?

1990-ல் முகுருசா சகோதரர்கள் நெகு கொர்ரியாக் என்று புதிய குழு ஒன்றை அமைத்தார்கள். கடுங்குளிர் காலம் என்று அதற்கு அர்த்தம். அந்த வருஷக் கடைசியில், ஊரிலிருந்து வெகு தூரத்தில் பாஸ்க் கைதிகளை அடைத்து வைத்திருந்த எர்ரேரா சிறைச்சாலைக்கு எதிரே போய் நின்று பாடினார்கள். 1991-ல் "உரக்கச் சொல்" என்று அர்த்தப்படுகிற எசான் ஒசென்கி என்னும் இசைத்தட்டுக் கம்பெனியைத் தாங்களே ஆரம்பித்தார்கள். பெரிய முதலாளியிடம் போய்க் கைகட்டி நின்று, எந்த அடியை வெட்டலாம் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது. எவுஸ்கராவில் பாடுகிற வேறு எத்தனையோ குழுக்களுக்கும் அது வாசல் திறந்தது. அதே 1991-ல், மேலே சொன்ன அறிக்கையின் விஷயத்தை வைத்து "உஸ்தெல்கேரியா" என்று ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அழுகல், ஊழல் என்று அதற்குப் பொருள்.

இன்ச்சவுர்ரொண்டோ கொட்டடியின் அதிபதி என்ரிக்கே ரொட்ரீகஸ் கலிண்டோ என்பவர். பாட்டைக் கேட்டதும் அவருக்கு மானம் போய்விட்டது! 1993-ல் குழுவின் மேலும் கம்பெனியின் மேலும் மானநஷ்ட வழக்குப் போட்டார். கேட்ட நஷ்டஈடு ஒன்றரைக் கோடி பெசேட்டா. ஒரு சிறிய இசைத்தட்டுக் கம்பெனியை அடியோடு மூடிவிடப் போதுமான தொகை அது. அவ்வளவு தொகை கேட்டதற்கு அதைத் தவிர வேறு அர்த்தம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

மானம் என்பதைப் பற்றி நாம் வெகு நாளாய்ப் பேசி வருகிறோம். ஆகையால் கலிண்டோவின் மானத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். 1983 அக்டோபரில், பிரெஞ்சுப் பக்கத்தில் பயோன் நகரத்தில் அடைக்கலமாக இருந்த லாசா, சபாலா என்னும் இரண்டு பாஸ்க் வாலிபர்கள் காணாமல் போனார்கள். எட்டா என்னும் ஆயுதக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அதை நாம் மறைக்கவில்லை. 1985-ல், ஸ்பெயினின் மறுகோடியிலுள்ள அலிகாந்தே பிரதேசத்தில், சுண்ணாம்புக்குள் புதைத்த இரண்டு பிணங்களைக் கண்டெடுத்தார்கள். அவை யாருடையவை என்று கண்டுபிடிக்கவே 1995 ஆயிற்று. இருவரையும் எல்லை தாண்டித் தூக்கி வந்து, சித்திரவதை செய்து, கொன்று புதைத்தவர்கள் சிவில் கார்டுகள். அதே 1995-ல்தான் கலிண்டோவை ஜெனரலாக உயர்த்தினார்கள்! 2000-ம் வருஷம் ஏப்ரல் மாதம், அந்த இரண்டு கொலைகளுக்காகவும் கடத்தலுக்காகவும் ஸ்பெயினின் கோர்ட்டே அவருக்கு 71 வருஷம் தண்டனை விதித்தது. அப்பீலில் அது இன்னும் நாலு வருஷம் கூடிற்று. முந்தி உள்நாட்டு மந்திரியாய் இருந்த பாரியோநுவேவோவும் இதே கள்ளப் பட்டாளத்தார் செய்த வேறொரு ஆள்கடத்தலுக்காக 1998-ல் தண்டனை அடைந்தவர். இது பிராங்கோ காலத்துச் சங்கதி அல்ல, ஓட்டுப் போட்டு வந்த சர்க்காரின் காலத்துச் சங்கதி என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாட்டுக்காரர்கள் வருஷக்கணக்காகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினார்கள். கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு கலிண்டோவின் பிராதைத் தள்ளிற்று. 1996-லேயே கலைந்து போயிருந்த குழு, 2001-ல் டொனொஸ்தியாவில் மறுபடி கூடிப் பாடிற்று. 75 வருஷம் தண்டனை அடைந்த ஜெனரல் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்துவிட்டு, இருதய வியாதி என்ற காரணத்தின் மேல் 2004-ல் வீட்டுக்குப் போனார். 2021-ல் இறந்தார். இரண்டு பேரைச் சுண்ணாம்பில் புதைத்தபோது போகாத மானம், ஒரு பாட்டில் போயிற்று என்றால் அந்த மானத்தை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

"சரி, அது ஒரு கெட்டுப்போன அதிகாரியின் கதை, அதற்காக சர்க்காரையே குறை சொல்லலாமா?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் இருக்கிறது. எகுன்காரியா என்று ஒரு தினசரிப் பத்திரிகை 1990 முதல் நடந்து வந்தது. அந்தக் காலத்தில் முழுவதும் எவுஸ்கராவிலேயே வெளிவந்த ஒரே தினசரி அதுதான். ஜனங்கள் பணம் போட்டு நடத்தினது. 2003 பிப்ரவரி 20-ந் தேதி, எட்டாவுக்கு உடந்தை என்று சொல்லி ஒரு நீதிபதியின் உத்தரவின் பேரில் அதை மூடினார்கள். பத்திராதிபர் மார்ச்செலோ ஒட்டமெண்டியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளியே வந்ததும், தம்மைக் காவலில் வைத்துச் சித்திரவதை செய்தார்கள் என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். அந்தச் சமயத்தில் ஸ்பெயினில் நடந்த ஒரு சங்கீதப் பரிசளிப்பு விழாவில், எவுஸ்கரா பாட்டுக்கான பரிசு முகுருசாவுக்குக் கிடைத்தது. நன்றி வந்தனம் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் மேடையில் நின்று, மூடப்பட்ட பத்திரிகையைப் பற்றியும் பத்திராதிபரைப் பற்றியும் பேசினார். சபையில் இருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். யார் இட்ட கூச்சல் என்று நினைக்கிறீர்கள்? பட்டாளத்தார் அல்ல, சங்கீதக்காரர்கள், கலைஞர்கள், கலைக்கு அரசியல் ஆகாது என்கிறவர்கள்!

அந்தச் சபையார் சாவகாசமாய் உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டிய இரண்டு தேதிகள் உண்டு. 2010 ஏப்ரலில், எகுன்காரியா வழக்கில் இருந்தவர்கள் எல்லோரையும் கோர்ட்டு விடுதலை செய்தது. பத்திரிகையை மூடினதற்கே ஆதாரம் இல்லை என்றாயிற்று. 2012-ல், ஒட்டமெண்டி சொன்ன சித்திரவதைப் புகாரை ஸ்பெயின் சரிவர விசாரிக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஏழு வருஷம் பொறுத்து விடுதலை கிடைத்து என்ன பிரயோஜனம்? பத்திரிகை செத்தது செத்ததுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு விஷயத்தை நாம் மூடி மறைத்தோமானால், பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகும். எட்டா பிராங்கோ காலத்தில் தோன்றினது. பிராங்கோ செத்த பிறகும் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. 2011-ல் நிறுத்துகிற வரையில் 800-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் பட்டாளத்தாரும் போலீசாரும் மட்டுமல்ல, உபாத்தியாயர், பத்திரிகைக்காரர், நகரசபை அங்கத்தினர், கடைத்தெருவில் சாமான் வாங்கப் போனவர்கள் எல்லோரும் உண்டு. முகுருசா இடதுசாரி பாஸ்க் தேசியவாதிகளோடு சேர்ந்து நின்றவர் என்பது அவர் மறைத்த சங்கதி அல்ல. அவருடைய முதற்பெரும் புகழே "சர்ரி சர்ரி" என்னும் பாட்டில் வந்தது. 1985 ஜூலையில் டொனொஸ்தியாவிலுள்ள மார்த்துதெனே சிறைச்சாலையில் கைதிகளுக்காக ஒரு கச்சேரி நடந்தது. முடிந்த பிறகு, சரியோநாந்தியா என்னும் எழுத்தாளரும் இன்னொருவருமாக இரண்டு எட்டாக் கைதிகள் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குள் ஒளிந்து வெளியேறிவிட்டார்கள். அதைப் பற்றின பாட்டு அது. நாடு முழுவதும் ஆடினார்கள், இன்றைக்கும் ஆடுகிறார்கள்.

சிறை அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒருவன் போனால் ஜனங்கள் சிரிப்பது சகஜந்தான். ஆனால் அந்தக் கச்சேரி யாருடையது? இமனோல் என்னும் பாட்டுக்காரருடையது. பெட்டிக்குள் ஆள் இருந்தது அவருக்குத் தெரியாது. பிராங்கோ காலத்தில் தேசத்தைவிட்டு ஓடி வாழ்ந்தவர் அவர். 1986-ல் எட்டா தன் பழைய தலைவியான யோயெஸ் என்னும் பெண்ணை, கூட்டத்தைவிட்டு விலகி வீட்டுக்குத் திரும்பிய குற்றத்திற்காக, அவள் சொந்த ஊரில், அவளுடைய சிறு பிள்ளையின் கண் முன்னால் சுட்டுக் கொன்றது. அந்தக் கொலை தவறு என்று இமனோல் பாடினார். அதற்குப் பிறகு அவருக்கு மிரட்டல். கச்சேரிக்குக் கூப்பிடுவார் இல்லை. 2000-ல் பிறந்த நாட்டையே விட்டுப் போனார். 2004-ல் வெளியிலேயே செத்தார். தப்பி ஓடினவர்களுக்கு ஊரெல்லாம் பாட்டு! துரத்தப்பட்ட பாட்டுக்காரனுக்காக அதே மேடைகளில், அதே உரத்த குரலில் எத்தனை பேர் பாடினார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சர்க்காரின் கொட்டடியைக் கேள்வி கேட்கிற வாய், தன் தெருவிலுள்ள துப்பாக்கியையும் கேட்க வேண்டும். இதை நாம் முகுருசாவுக்கும் சொல்வோம். ஆனால் இதைச் சொல்லுகிற யோக்கியதை கலிண்டோவின் கோஷ்டிக்கு இல்லை. ஒரு கொலையைக் காட்டி மற்றொரு கொலையைக் கழித்துக்கொள்ள இது என்ன செட்டி கடைக் கணக்கா?

குழு கலைந்த பிறகும் முகுருசா ஓயவில்லை. 2006-ல் ஜமேக்கா தீவின் கிங்ஸ்டன் நகரத்துக்குப் போய், ரெகே என்னும் அந்த ஊர்க் கருப்பு ஜனங்களின் தாளத்தில் எவுஸ்கராவைப் பாடி ஒரு தட்டுப் பதிவு செய்தார். சுத்த ரத்தம் பேசின அரானா கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். (ஜமேக்காவில் ஒரு சாரார் எத்தியோப்பிய ராஜா செலாசியைக் கடவுள் என்று கும்பிடுகிறார்கள். அந்தக் கடவுளை 1974-ல் அவருடைய பட்டாளமே சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டது. தாளம் நல்ல தாளம். அந்தக் கும்பிடு நமக்கு வேண்டாம்.) 2009-ல் பாலஸ்தீனத்துப் பாட்டுக்காரர்களைப் பற்றி ஒரு படம் எடுத்தார். சுவருக்கும் சோதனைச் சாவடிக்கும் நடுவே எப்படிப் பாடுகிறார்கள் என்பதைக் காட்டுகிற படம்.

2018-ல் வந்த அவருடைய சித்திரப் படத்துக்கு "பிளாக் இஸ் பெல்ட்சா" என்று பெயர். முதல் வார்த்தை இங்கிலீஷ், கடைசி வார்த்தை எவுஸ்கரா. கருப்பென்றால் கருப்பு என்று அர்த்தம். அதன் ஆரம்பம் நிஜமாய் நடந்தது. பம்ப்லோனா நகரத்தில் திருவிழாவுக்கு ராஜா ராணி வேஷத்தில் பெரிய பெரிய பொய்க்கால் உருவங்களை ஆள் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். வெள்ளை ராஜா ராணியும் உண்டு, கருப்பு ராஜா ராணியும் உண்டு. 1965-ல் அந்த உருவங்களை நியூயார்க் நகரத்து ஊர்வலத்துக்கு அழைத்தார்கள். போன இடத்தில் மற்றவை ஊர்வலம் போகலாம், கருப்பு உருவங்கள் இரண்டும் போகக் கூடாது என்றாயிற்று. காகிதக் கூழும் மரச்சட்டமுமாய்ச் செய்த பொம்மைக்கும் நிறபேதம்! பொம்மைக்கு உயிர் இல்லை, ரத்தம் இல்லை, ஜன்மம் இல்லை, முன்வினை இல்லை. பூசின சாயம் ஒன்றுதான். அந்தச் சாயத்துக்கே தெருவில் இடமில்லை என்றார்கள். தீண்டாமைக்குத் தத்துவார்த்தம் சொல்லுகிற பண்டிதர்கள் இந்தப் பொம்மைகளுக்கு என்ன தத்துவம் சொல்லுவார்களோ, நாம் அறியோம்.

இனி அவர் பிறந்த ஆற்றங்கரைக்குத் திரும்புவோம். 1985 நவம்பரில் மிகெல் சபால்சா என்னும் பஸ் டிரைவரை சிவில் கார்டுகள் பிடித்து அதே இன்ச்சவுர்ரொண்டோ கொட்டடிக்குக் கொண்டுபோனார்கள். 20 நாளுக்குள் அவர் பிணம் பிடாசோவா ஆற்றில் கிடைத்தது. காவலிலிருந்து தப்பி ஓடி ஆற்றில் விழுந்து மூழ்கினார் என்றார்கள். அதற்காக இன்றுவரை ஒருவரும் தண்டனை அடையவில்லை. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் எல்லை அந்த ஆறுதான். சில வருஷங்களாக, ஆப்பிரிக்காவிலிருந்து பாலைவனமும் கடலும் தாண்டி வருகிற வாலிபர்கள் இருன் வரையில் வந்து நிற்கிறார்கள். பாலத்தின் மேல் பிரெஞ்சுப் போலீசார் நின்று, முகத்தின் நிறத்தைப் பார்த்து நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலர் ராத்திரியில் ஆற்றில் இறங்கி நீந்திப் பார்த்தார்கள், மூழ்கிச் செத்தார்கள். அவர்களைப் பற்றித்தான் முகுருசா "பிடாசோவா 2018-2023" என்னும் படத்தை எடுத்தார். வெள்ளைத் தோல் உள்ளவன் அந்தப் பாலத்தைக் கைவீசிக்கொண்டு கடந்து எதிர்க்கரைக்குப் போவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.